பைரவிக்குத் தையல் போடச் சொன்னவர்

கிள்ளானில் எங்கள் எதிர்வீட்டில் குடியிருந்தவரை எல்லோரும் தலைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். எதற்குத் தலைவர் என்று குடிவந்த புதிதில் விசாரித்துப் பார்த்தேன். கோயில் தலைவர் என்றார் ஒருவர். கோயிலில் கேட்டால், ஏதோ ஒரு வருடம் அன்னதானக் குழுவில் இருந்தார், சாம்பாரில் உப்பு விஷயமாகச் சண்டை போட்டுக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை என்றார்கள். குடியிருப்போர் சங்கத் தலைவர் என்றார் இன்னொருவர். எங்கள் தாமானில், அதாவது இந்த வீட்டுக் குடியிருப்பில், அப்படி ஒரு சங்கமே கிடையாது. கடைசியில் அவரிடமே கேட்டேன்.

"மக்கள் கூப்பிடறாங்க. நான் என்னா செய்ய முடியும், சொல்லும்மா," என்றார். ரொம்ப அடக்கமாகத்தான் சொன்னார்.

அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு வாக்கியம். "நான்தான் ஒரு வார்த்தை சொன்னேன்." காலையில் பசியாறுவதிலிருந்து ராத்திரி கேட்டைப் பூட்டுவது வரை இதை எத்தனையோ முறை சொல்லிவிடுவார். கிள்ளானில் தண்ணீர் தடை வரும். வாளியும் கையுமாக அலைந்து, குளிக்காத பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, எல்லோரும் எரிந்து விழுந்துகொண்டிருக்கும்போது ஒரு நாள் குழாய் புஸ்ஸென்று மூச்சு விட்டு, செம்மண் நிறத்தில் தண்ணீர் கொட்டும். பாதி சிலாங்கூர் மாநிலத்துக்கே வந்த தண்ணீர் அது. தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டில் வந்து நிற்பார். "வந்துருச்சா? நேத்து நான்தான் ஒரு வார்த்தை சொன்னேன்." யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்டால் "மேல" என்பார். கண்ணையும் மேலே உயர்த்துவார். அரசாங்கத்தைச் சொல்கிறாரா, கடவுளைச் சொல்கிறாரா என்று கடைசி வரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

என் மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது வந்தார். என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, நான் கலக்கிய கோப்பியைக் குடித்துக்கொண்டு, என் சொந்த அண்ணனிடம், "இந்த சீட்டு விஷயமா நான்தான் ஒரு வார்த்தை சொன்னேன்," என்றார். என் அண்ணன் எழுந்து அவருக்குக் கை கொடுத்தான். மகள் அடுப்படிக்குள் வந்து, "அம்மா, நான் என்னா படிக்கப் போறேன்னாவது அந்த அங்கிளுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது. அது அவருக்குத் தேவையும் இல்லை.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பென்சிலை எடுத்தது யார், கிள்ளியது யார், கிள்ளாமலே அழுவது யார் என்று பின்கண்ணாடியில் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். அந்தக் கெட்டிக்காரத்தனம் தலைவரிடம் பலிக்கவில்லை. பொய் சொல்கிறவன் முகத்தில் ஒரு சின்ன அவசரம் இருக்கும். இவர் முகத்தில் அது இருக்காது. வாயிலிருந்து வந்த மறுநிமிடமே அவருக்கு அது உண்மையாகிவிடும். முதலில் சிரிப்பாக இருந்தது. போகப் போக அந்த முகத்தைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வந்தது.

அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். முறுக்கு, அதிரசம் சுட்டுக் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தலைவர் இருக்கும் இடத்தில் அவள் பேசும் ஒரே சொல் "சரிங்க." அவர் இல்லாத இடத்தில் பேசினால் நன்றாகவே பேசுவாள்.

இந்த வீட்டுக்குத்தான் பைரவி வந்தாள்.

தாமானில் நாலைந்து வீட்டில் நாய் வைத்திருந்தார்கள். அதனால் தலைவருக்கு இருப்பதிலேயே பெரிய நாய் வேண்டும். கிரேட் டேன் குட்டி ஒன்றை ரவாங் பக்கத்திலிருந்து வாங்கி வந்தார். ஒரு வருடத்தில் அது கன்றுக்குட்டி உயரத்துக்கு வளர்ந்து நின்றது. பைரவருக்கு வாகனம் என்பதால் பைரவி என்று பெயர் வைத்தார். அதை நாய் என்று யாரும் சொல்லக் கூடாது. தபால்காரர் சொல்லிவிட்டார் என்று அவரை நிறுத்தி வைத்து வகுப்பு எடுத்தார். அந்த மலாய்க்காரரும் பாவம், "ஓகே, ஓகே, பைராவி," என்று சொல்லிவிட்டு ஓடினார்.

பைரவி ஒரு பெரிய பயந்தாங்கொள்ளி. இடி இடித்தால் நடுங்கும். விளக்குமாற்றைக் கண்டால் நடுங்கும். பயந்தால் ஓடிப் போய் அக்காவுக்குப் பின்னால் ஒளியும். நின்றால் அதன் முதுகே அக்காவின் இடுப்புக்கு மேலே வரும், அவளுக்குப் பின்னால் எப்படி ஒளிய முடியும்? ஆனாலும் ஒளிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ளும். அக்கா அதைக் குட்டி என்றுதான் கூப்பிடுவாள். அவள் முறுக்கு பிழியும்போது பக்கத்தில் படுத்து, அந்தப் பெரிய தலையை அவள் மடியில் வைத்திருக்கும். கால் மரத்துப் போனாலும் அக்கா நகர மாட்டாள். அவர்கள் மகன் ஜொகூரில் வேலையாகிப் போன பிறகு அந்த வீட்டில் அவளிடம் ஒட்டிக்கொண்டிருந்த உயிர் அது ஒன்றுதான்.

தைப்பூசம் வந்தால் தலைவர் விரதம் எடுப்பார். மஞ்சள் வேட்டி, வெறுங்கால், ஒரு வேளைச் சாப்பாடு, பத்துமலைக்குப் பால்குடம். அதில் நான் குறை சொல்ல மாட்டேன். நானும் எடுக்கிறவள்தான். ஆனால் அவர் விரதம் எடுத்தால் போதாது, பைரவியும் எடுக்க வேண்டும். மற்ற மாதங்களில் அக்கா காலையும் மாலையும் பிரித்துப் பிரித்துப் போடுவாள். விரத காலத்தில் அது நடக்காது. பகல் முழுக்க பைரவியின் சாப்பாட்டு மங்கு கவிழ்ந்து கிடக்கும். சாயங்காலம் பூசை முடிந்ததும் அந்தப் பெரிய மங்கு நிறைய சோறு, பூசணிக்காய் சாம்பார், மேலே தயிர் ஊற்றி, ஒரு உயரமான முக்காலி மேல் வைப்பார். அம்மன் அம்சம் தலை குனிந்து சாப்பிடக் கூடாதாம். பகலெல்லாம் பசியோடு கிடந்த அந்த ஜீவன் மூச்சு விடாமல் வாரி விழுங்கும். விழுங்கி முடித்த கையோடு தலைவர் மோட்டார் சைக்கிளை எடுப்பார். சங்கிலியை இடக்கையில் பிடித்துக்கொண்டு தாமானைச் சுற்றி மெதுவாக ஓட்டுவார். பைரவி பக்கத்திலேயே ஓடி வரும். சனங்கள் வெளியே வந்து போன் எடுத்துப் படம் பிடிப்பார்கள். அதற்குத்தான் அந்த ஊர்வலமே.

"பாருங்க, வாயில்லா ஜீவன். என்னைப் பார்த்து அதுவும் விரதம் இருக்கு. நான்தான் ஒரு வார்த்தை சொன்னேன், இரும்மான்னு. இருந்துருச்சு."

மங்கைக் கவிழ்த்து வைத்து, கழுத்தில் சங்கிலியும் போட்டால் யாராக இருந்தாலும் விரதம் இருக்க வேண்டியதுதான். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அக்கா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

பைரவிக்கு ஊசி போட வேண்டும் என்றால் என் வேன்தான். அவருடைய காரில் அது நுழையாது. பிள்ளைகளை இறக்கிவிட்டு, பின் சீட்டுகளை மடக்கி, பழைய பாயை விரித்து ஏற்றிக்கொண்டு போவேன். அதுவும் கிள்ளானில் இருக்கும் டாக்டரிடம் இல்லை. தமிழ் டாக்டர் கையால்தான் ஊசி போட வேண்டும் என்று பிரிக்ஃபீல்ட்ஸ் வரைக்கும், ஃபெடரல் ஹைவே ஜாமில் ஊர்ந்து போக வேண்டும். தலைவர் முன்னால் உட்கார்ந்து, பதினெட்டு வருடமாக வேன் ஓட்டுகிற எனக்கு எப்போது சிக்னல் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வருவார்.

அந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். பொறுமைசாலி. பைரவியின் நெஞ்சையும் வயிற்றையும் தடவிப் பார்த்துவிட்டு, "அங்கிள், இந்த மாதிரி நெஞ்சு ஆழமா இருக்கற பெரிய நாய்ங்களுக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"நாய்னு சொல்லாதீங்க டாக்டர்."

"சரி அங்கிள். பைரவி மாதிரி உள்ளவங்களுக்கு வயித்துல ஒரு ஆபத்து இருக்கு. ஒரே வேளையா நிறைய சாப்பிட்டுட்டு உடனே ஓடினா, காத்து சேர்ந்து வயிறு உப்பிரும். சில சமயம் உப்புனதோட அப்படியே பொரண்டுரும். பொரண்டா மேலயும் வழி இல்ல, கீழயும் வழி இல்ல. ரத்த ஓட்டம் நின்னுரும். சில மணி நேரம்தான் இருக்கும்."

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தலைவருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே போய்ச் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைப் படித்தார். டாக்டர் அக்காவிடம் திரும்பி மீதியைச் சொன்னாள். கருத்தடை செய்வதென்றால் எப்படியும் வயிற்றைத் திறக்க வேண்டும். அப்போதே இரைப்பையை உள்பக்கத்துச் சுவரோடு சேர்த்து நாலு தையல் போட்டுவிடலாம். பிறகு உப்பினாலும் புரளாது. பெரிய சாதி நாய்களுக்கு வருமுன்னே இப்படிச் செய்துவிடுவது நல்லது என்றாள். தலைவர் போனை வைத்துவிட்டு வந்தார்.

"என்னா அங்கிள், செஞ்சுரலாமா?"

"அதெல்லாம் வேணாம் டாக்டர்."

"எதெல்லாம் அங்கிள்?"

"இப்ப நீங்க சொன்னதெல்லாம். நான் விரதம் இருக்கறவன். நான் இருக்கற வரைக்கும் இதுக்கு ஒண்ணும் ஆகாது. பட்டினிதான் மருந்து, உங்க படிப்புல இதைச் சொல்லித் தரமாட்டாங்க," என்று தொடங்கி, ஒரு வேளைச் சாப்பாட்டின் மகிமையை விளக்கினார். வெளியே ஒரு பூனையோடு ஒரு கிழவர் காத்திருந்தார். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். எனக்கு அவளுக்காக வெட்கமாக இருந்தது.

அக்கா கிளம்பும்போது ஒன்றுதான் கேட்டாள். "பொரண்டுருச்சுன்னு எப்படிங்க டாக்டர் தெரியும்?"

"வாந்தி எடுக்கப் பார்க்கும், ஒண்ணும் வராது. உக்கார முடியாம தவிக்கும். வயிறு இறுகிரும், தட்டினா மத்தளம் மாதிரி சத்தம் வரும். அப்படி இருந்தா எதுக்கும் காத்திருக்காதீங்க ஆன்டி. பக்கத்துல எந்த டாக்டர் இருக்காங்களோ அங்க தூக்கிட்டு ஓடுங்க."

அக்கா அதை வாய்க்குள் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச மாதத்தில் தாமானின் ஆண் நாய்கள் எல்லாம் தலைவர் வீட்டு கேட்டில் வந்து கூடின. விடிய விடியக் குரைப்பு. அவரைப் பார்க்க வருகிறவர்கள் அந்தக் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்தார்கள். கௌரவக் குறைச்சல். உடனே கருத்தடைக்கு உத்தரவு போட்டார். ரத்தம் பார்க்க அவரால் முடியாது என்பதால், அவர் பழனிக்குப் போயிருக்கும் நேரத்தில் முடித்து வைக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார்.

நானும் அக்காவும் பைரவியைக் கூட்டிக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸ் போனோம். உள்ளே கொண்டு போகும் முன் டாக்டர், "ஆன்டி, அந்த வயித்துத் தையல்? அங்கிள் வேணாம்னு சொன்னாரு. நீங்க யோசிச்சீங்களா?" என்று கேட்டாள்.

"தைச்சுருங்க," என்றாள் அக்கா. யோசித்து முடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத்தான் படபடப்பு. "தலைவர்கிட்ட சொல்லலியாக்கா? வேணாம்னு சொன்னாருல்ல."

"எதை வேணாம்னு சொன்னாருன்னு அவருக்கே தெரியாதும்மா," என்றாள். முறுக்குக் காசில் அதற்கும் சேர்த்து அவள் எடுத்து வந்திருந்தாள்.

தலைவர் மொட்டைத் தலையும் பஞ்சாமிர்த டின்னுமாகத் திரும்பி வந்தார். பைரவியின் வயிற்றில் ஆறிக்கொண்டிருந்த தழும்பைப் பார்த்தார். கருத்தடைத் தழும்பு என்று நினைத்துக்கொண்டார். அதுவும் உண்மைதான். "எவ்ளோ சுத்தமா ஆறியிருக்கு பாத்தியா? மலை மேல நின்னு நான்தான் ஒரு வார்த்தை சொன்னேன்," என்றார். அக்கா "சரிங்க" என்றாள்.

அடுத்த தைப்பூசத்துக்கும் விரதம் வந்தது. இந்த ஒரு வருடமாவது பைரவிக்குப் பிரித்துப் போடலாமா என்று அக்கா கேட்டிருக்கிறாள். விரதத்தில் பாதி விரதம் என்று உண்டா என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். மங்கு மறுபடி கவிழ்ந்தது. முக்காலி மறுபடி வந்தது.

பால்குடத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கும்போது நடந்தது. வெளிச்சம் மங்குகிற நேரம். நான் கேட்டுக்கு வெளியே வேனைக் கழுவிக்கொண்டிருந்தேன். தலைவர் மோட்டார் சைக்கிளில் ஊர்வலம் முடித்து வந்து இறங்கினார். பைரவி ஒரு வாளித் தண்ணீரை மடமடவென்று குடித்தது. கொஞ்ச நேரத்தில் அது நின்ற நிலை எனக்கு வித்தியாசமாகப் பட்டது. நாலு காலையும் அகட்டி வைத்து, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, குடலே வெளியே வந்துவிடும் போல உவ்வே உவ்வே என்று எடுத்தது. வெறும் நுரைதான் வந்தது. உட்கார்ந்தது, எழுந்தது, திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. மறுபடி எடுத்தது. மறுபடி நுரை.

"காத்து," என்றார் தலைவர். "ஓமத் தண்ணி கொண்டா." நெற்றியிலிருந்த திருநீற்றை எடுத்துப் பைரவியின் வயிற்றில் பூசினார். அக்கம்பக்கத்தில் இரண்டொருவர் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்குக் கேட்கும்படி, "இப்ப பாருங்க, நான் ஒரு வார்த்தை சொன்னா..." என்று ஆரம்பித்தார்.

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். கையில் ஓமத் தண்ணீர் இல்லை. குனிந்து பைரவியின் விலாவுக்குக் கீழே விரலால் தட்டினாள். அந்தச் சத்தம் ரோட்டைத் தாண்டி எனக்கே கேட்டது. அவள் நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தாள்.

"வேனை எடும்மா."

"எங்க போற?" என்றார் தலைவர். "வெளக்கு வைக்கிற நேரம். விரதத்துல ஆஸ்பத்திரி வாசப்படியை மிதிக்கக் கூடாது."

"நீங்க மிதிக்காதீங்க," என்றாள் அக்கா. சங்கிலியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தாள்.

அவ்வளவுதான் அவள் பேசியது. இத்தனை வருடத்தில் அவள் அவரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. தலைவர் எட்டிப் பார்க்கிறவர்களைப் பார்த்தார். மனைவி தனியாகப் போனால் நாளைக்கு என்ன பேசுவார்கள் என்று தோன்றியிருக்க வேண்டும். ஓடி வந்து முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

பிரிக்ஃபீல்ட்ஸ் போக முடியாது, அந்த நேரத்து ஜாமில் பாதி வழியிலேயே எல்லாம் முடிந்துவிடும். கிள்ளான் கடை வரிசையில் ஒரு சீன டாக்டர் இருந்தார். வேனை அங்கே விட்டேன். பின்னால் பாயில் அக்கா உட்கார்ந்து பைரவியின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "குட்டி, குட்டி" என்பதைத் தவிர வேறு சத்தம் இல்லை. தலைவர், "லெஃப்ட்ல போ. ஏன் ஸ்லோவா போற?" என்று சொல்லிக்கொண்டு வந்தார். எனக்குப் பயம்தான். அந்தத் தையல் பிடித்திருக்க வேண்டும், பிரிந்திருக்கக் கூடாது என்று எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன்.

டாக்டரும் அவருடைய ஆளும் பைரவியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். நானும் அக்காவும் பின்னாலேயே போனோம். தலைவர் மஞ்சள் வேட்டியும் வெறுங்காலுமாகக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டார். விரதம் கெட்டுவிடக் கூடாது. கதவு கொஞ்சம் திறந்திருந்ததால் உள்ளே பேசுவது அவருக்குக் கேட்கும்.

எக்ஸ்ரே எடுத்து முடிக்கும் வரை அக்கா உட்காரவே இல்லை. டாக்டர் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசினார். வயிறு ரொம்பவே உப்பியிருக்கிறது, ஆனால் புரளவில்லை, இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கிறது என்றார். "முன்பே உள்ளே தையல் போட்டிருக்கிறதா?" என்று கேட்டார். அக்கா தலையை ஆட்டினாள். அவர் பெரிதாக மூச்சு விட்டார். "அப்படியானால் பயப்படாதீர்கள். வாய் வழியாகக் குழாய் விட்டுக் காற்றை எடுத்துவிடலாம். அந்தத் தையல் மட்டும் இல்லையென்றால் இந்நேரம் நான் வயிற்றை அறுத்துக்கொண்டிருப்பேன். அப்படியும் பிழைத்திருக்குமோ என்னவோ."

அக்கா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தார். "ரொம்பக் கெட்டிக்காரத்தனம். இங்கே யாருமே முன்கூட்டி இதைச் செய்வதில்லை. யார் செய்யச் சொன்னது?"

கண்ணாடிக் கதவு திறந்தது. வாசப்படி, விரதம் எல்லாம் எங்கே போயிற்றோ, தலைவர் உள்ளே வந்து நடுவில் நின்றார்.

"மீ லா, டாக்டர்," என்றார். "ஐ ஒன்லி டோல்ட் ஒன் வோர்ட்."

டாக்டர் அவருக்குக் கை கொடுத்தார். தலைவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் முகத்திலிருந்து தலைப்பை எடுக்கவே இல்லை.

காற்றை எடுத்த பிறகு பைரவியை ஒரு நாள் அங்கேயே வைத்திருக்கச் சொன்னார்கள். நாங்கள் மூவர் மட்டும் திரும்பினோம். பாலத்தைத் தாண்டியதும் தலைவர் தொண்டையைக் கனைத்தார். பின்னால் திரும்பாமலே, "இந்தா," என்று மனைவியைக் கூப்பிட்டார்.

"சொல்லுங்க."

"அந்தச் சீன டாக்டர் சொன்னாரே, நான் செய்யச் சொன்னேன்னு."

"ஆமாங்க."

"என்னா அது? நான் என்னா சொன்னேன்?"

பச்சை விளக்கு எரிந்தது. நான் பிரேக்கை மிதித்துவிட்டேன். பின்னால் ஒரு லோரிக்காரன் ஹாரன் அடித்தான். இப்போது சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். நீ ஒன்றுமே சொல்லவில்லை, நான்தான் சொன்னேன் என்று முகத்துக்கு நேரே சொல்லப் போகிறாள், நான் கண்ணாடியில் பார்த்து ஆசை தீர ரசிக்கப் போகிறேன்.

அக்கா சொன்னாள். "நீங்க பழனிக்குப் போறதுக்கு முன்னாடி சொன்னீங்க. கருத்தடை பண்றப்பவே இரைப்பையையும் உள்ள சேர்த்துத் தைச்சுரச் சொன்னீங்க. அப்பத்தான் உப்பினாலும் பொரளாதுன்னு. சாப்பாடும் இனிமே விரதத்துலகூட மூணு வேளையா பிரிச்சுத்தான் போடணும், சாப்பிட்டதும் ஓட விடக் கூடாதுன்னு சொன்னீங்க."

தலைவர் யோசித்தார். அடுத்த விளக்கு வரைக்கும் யோசித்தார்.

"ம். ஞாபகம் இருக்கு," என்றார். "அந்த பிரிக்ஃபீல்ட்ஸ் பொண்ணுகூட அப்ப வேணாம்னுச்சு. நான்தான் கேக்கல."

மறுநாள் பைரவியைக் கூட்டிவரப் போகும்போது அக்காவும் நானும் மட்டும்தான். பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "ஏன்க்கா? வாய்க்கு நேரா வந்த சோறு. ஏன் அவருக்குத் தூக்கிக் குடுத்தீங்க?"

"நான் செஞ்சதுன்னா அவரு நாளைக்கே டாக்டர்கிட்ட போயி அவுத்துரச் சொல்வாரு," என்றாள் அக்கா. "அவரு செஞ்சதுன்னா யாரையும் தொட விட மாட்டாரு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எனக்குக் குட்டி வேணும்மா. பேரு வேணாம்."

பேர் வேண்டாம் என்று அவள் சொன்னதை நான் நம்பவில்லை. பென்சிலைப் பறிகொடுத்துவிட்டு வேண்டாம் என்கிற வேன் பிள்ளைகளின் குரல் அது, எனக்குத் தெரியும்.

அதன் பிறகு தலைவரைப் பிடிக்க முடியவில்லை. தாமான் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டார். கோயிலில் தேங்காய் உடைக்க வந்தவர்களை நிறுத்தி நாயின் வயிற்றைப் பற்றி விளக்கினார். அவர் சொல்வதைக் கேட்டால் இரைப்பையை முதுகெலும்போடு கட்டியிருப்பதாகத் தோன்றும். விரதத்தில் பைரவிக்கு மட்டும் விலக்கு கொடுத்திருப்பதாக அறிவித்தார். யாருக்கு யார் விலக்கு கொடுப்பது என்று யாரும் கேட்கவில்லை. மங்கு மூன்று வேளையும் நிமிர்ந்து, தரையில் இருந்தது. மூலைவீட்டுச் சீன அங்கிள் தன் ராட்வைலரைக் கொண்டுபோய்த் தையல் போட்டு வந்தார். பின் தெருவில் ஒரு ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் போட்டார்கள். இரண்டு பேரும் தலைவருக்கு ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் வாங்கிக்கொண்டார்.

நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான். அவருடைய தம்பட்டத்தால் இரண்டு நாய் பிழைத்தது என்றால் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதற்காக அந்த ஆரஞ்சுப் பழத்தை அவர் உரித்துச் சாப்பிட்டதைப் பார்க்கும்போது என் வயிறு எரியாமலும் இல்லை.

பைரவி அந்தச் சாதி நாய்க்கு நல்ல ஆயுசாகவே இருந்து, ஒரு மத்தியானம் அக்காவின் மடியில் தலையை வைத்தபடி போனது. வயிற்றால் போகவில்லை, வயசாகித்தான் போனது. மஞ்சள் தண்ணீரில் துடைக்கும்போது தலைவர் அந்தத் தழும்பைத் தடவினார். "நான் போட்ட தையல்," என்று சொல்லி அழுதார். உண்மையாகவே அழுதார். எதிரே உட்கார்ந்து பைரவியின் காதைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா கையை நிறுத்தினாள். ஒரு நிமிடம் அவரையே பார்த்தாள். பிறகு மறு காதைத் துடைத்தாள்.

அவர்கள் இப்போது ஜொகூரில் மகன் வீட்டோடு இருக்கிறார்கள். அங்கேயும் ஒரு தாமான் இருக்கும், தண்ணீர் தடை இருக்கும், தலைவருக்குக் குறை இருக்காது. எனக்கு அது பற்றிக் கவலையில்லை. அந்த அக்கா வேண்டாம் என்று விட்ட ஒன்றை நான் எங்காவது எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பைரவிக்குத் தையல் போடச் சொன்னது அவள். பிரிக்ஃபீல்ட்ஸில், என் கண் முன்னால், "தைச்சுருங்க" என்று சொன்னாள். சொன்ன வார்த்தை அது ஒன்றுதான்.

இதை யாராவது தலைவரிடம் படித்துக் காட்டினாலும் பரவாயில்லை. அவர் கடைசி வரி வரை பொறுமையாகக் கேட்பார். கேட்டுவிட்டு, "நல்லா எழுதியிருக்கு அந்தப் பொண்ணு. எழுதுன்னு நான்தான் ஒரு வார்த்தை சொன்னேன்," என்பார்.